சாண் நீள மோட்டார்

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்காதவர்கள் உலகத்தில் இரண்டு வகையினர்தாம். ஒரு வகையினர் ஞானிகள். மற்றொரு வகையினர் குழந்தைகள். இவ்விரு வகையிலும் சேராத நண்பர்களே நமக்கு அதிகம். ஆகையால், ஓய்வு நேரத்தில் நாம் செய்துவரும் காரியம் இன்னதென்று தெரிந்தவுடன் அவர்கள் தவறாமல் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்.

காரியம் பிரமாதமொன்றுமில்லை. நாம் மோட்டார் வண்டி செய்கிறோம். பெட்ரோல் வேண்டாத, லைசென்ஸ் வேண்டாத, ஒரு சாண் நீளத்துக்கு மேற்படாத மோட்டார் வண்டி. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் உறுப்புக்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசி, அலமாரியில் நிறுத்துகிறோம். அது ஓடாது. ஊதுகுழல் ஊதாது. அடகுக் கடையில் அதன்மேல் கடன் கொடுக்க மாட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், சர்வகலாசாலைப் பட்டம் ஒன்றையும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறவர், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து மொச்சைக் கொட்டை அளவுள்ள கதவுப் பிடிக்குச் சாமணத்தைக் கொண்டு வெள்ளிப் பூச்சுப் பூசுவதைப் பார்த்தால், நல்லவர்களுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

நம் இல்லாள் நல்லவள். அவள் சந்தேகப்படவில்லை. "வீடெல்லாம் நகப்பூச்சு வாசனை அடிக்கிறதே!" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். வர்ணத்தைக் கரைக்கும் தின்னரும் நகப்பூச்சைக் கழுவும் திரவமும் ஏறக்குறைய ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அன்று முதல் முகமூடி அணிந்து மாடியில்தான் வேலை. நவராத்திரி வந்தால் அதே இல்லாள், கொலுவின் அடியில் போடும் பூங்காவின் ஓரத்தில் நம்முடைய வண்டிகளை வரிசையாக நிறுத்திவிடுகிறாள். செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இரண்டுக்கும் அளவுப் பொருத்தம் இல்லை என்று நாம் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

அளவுப் பொருத்தம் என்றோம். இந்தக் கலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. நம் சிற்பிகள் முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்துக்கொண்டு, அதை அலகாகக் கொண்டு விக்கிரகத்தின் மற்ற அங்கங்களை அளந்தார்கள் அல்லவா? அதுபோல இங்கேயும் ஒரு கணக்கு உண்டு. அசலில் 24-இல் ஒரு பங்கு என்றால் ஓர் அடி அரை அங்குலமாகக் குறுகும். 32-இல் ஒரு பங்கு என்றால் ஓர் அடி ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்காகும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 25-இல் ஒரு பங்கைப் பின்பற்றி வந்தார்கள். கணக்கு எதுவாயினும், சக்கரத்திலிருந்து கண்ணாடித் துடைப்பான் வரையில் யாவும் அந்த ஒரே கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும். கட்டுப்பட்டால் அது மாதிரி. கட்டுப்படாவிட்டால் அது பொம்மை. பொம்மையை இகழவில்லை. இரண்டும் வெவ்வேறு ஜாதி என்றுதான் சொல்கிறோம்.

வர்ணமும் இந்தக் கணக்குக்குத் தப்ப முடியாது. நாம் பூசும் வர்ணம் ஒரு காகிதத்தின் கனத்துக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு, ஏறிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். 24-இல் ஒரு பங்குள்ள வண்டியில் அது அசலின் கணக்குக்கு 2.4 மில்லிமீட்டர் கனம். அவ்வளவு தடிமனான பூச்சுள்ள மோட்டாரை வீதியில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சுண்ணாம்பு அடித்த சுவர்தான் அப்படி இருக்கும். கதவின் இடுக்குக் கோடுகள் மூடிப்போகும், விளிம்புகள் மழுங்கிப்போகும். ஆகையால் பனி படிவதுபோல் மெல்லிய பூச்சுக்களாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஊத வேண்டும்.

அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைதான் அதிகம். உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கிறார்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேருமிடத்தில் மயிரிழை போல் ஒரு வரம்பு வண்டியின் உடம்பில் நின்றுவிடும். அசலான மோட்டாரில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. அதை உப்புத்தாளால் தேய்த்துப் போக்க வேண்டும். முதலில் 400 நம்பர் தாள், பிறகு 600, பிறகு 1000. பள்ளம் இருந்தால் பட்டி போட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். ஒட்டுகிற பசையோ சாதாரணக் கோந்து அன்று. அது இரண்டு முகங்களையும் சிறிது கரைத்து ஒன்றாக்கிவிடும். ஒருதரம் ஒட்டினால் ஒட்டினதுதான். வர்ணம் பூசியபின் 2000 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்து இலேசாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். மோட்டார்ப் பட்டறையில் டூகோ அடிக்கிறவர்கள் செய்வதும் இதுவே. அவர்களுக்கு இடம் பெரிது, நமக்குச் சிறிது.

இவ்வளவுக்கும் நடுவே வருண பகவானையும் அனுசரித்துக்கொண்டு போக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் காற்று ஈரமாயிருக்கும்போது லாக்கர் வர்ணத்தை ஊதினால், அது காயுமுன் ஈரம் படிந்து மேற்பரப்பில் வெண்மை பூத்துவிடும். ஆகவே அடைமழைக் காலத்தில் நமக்கு விடுமுறை.

இந்த மாதிரிப் பெட்டிகள் உண்டான கதை வியாபாரத்தோடு பின்னியது. இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் என்ற கம்பெனி 1949-இல், ஃபெர்கூஸன் டிராக்டரை விற்கும் ஏஜெண்டுகள் கையில் எடுத்துச் சென்று காட்டுவதற்காக, அந்த டிராக்டரின் சிறு உருவத்தைச் செய்துகொடுத்தது. 1952-இல் ஒரு பழைய கப்பலின் மாதிரியைத் துண்டுகளாகப் பைக்குள் போட்டு, உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. அமெரிக்காவிலும், மோட்டார் விற்பவர்கள் மேஜையில் வைத்துக் காட்டின சிறு கார்களிலிருந்தே வீட்டில் கூட்டிச் செய்யும் பெட்டிகள் கிளைத்தன. ஜப்பானில் ஷிஸுவோகா என்ற ஊர் மரவேலைக்குப் பேர்போனது. அங்கே 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா ஸ்தாபனம், பிறகு மரத்தால் மாதிரிகள் செய்தது. அமெரிக்கப் பிளாஸ்டிக் மாதிரிகள் வந்து மரத்தின் கிராக்கியைக் குறைத்தபின், 1960-இல் தானும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1976-இல் ஒரு போர்ஷ் காரின் மாதிரியை வெளியிடுவதற்காக, அந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஷுன்ஸாகு தமியா உண்மையான போர்ஷ் ஒன்றையே விலைக்கு வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தாராம். சாண் நீளத்துக்காக ஒரு முழு மோட்டாரைக் கழற்றினவரிடம் "என்ன பிரயோஜனம்?" என்று கேட்க யாருக்குத் துணிவு வரும்?

நம் நாட்டுக்கு இதில் பங்கே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். பனை நுங்குக் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கொம்பால் தள்ளிக்கொண்டு தெருவெல்லாம் ஓடிய ஒவ்வொரு சிறுவனும் மோட்டார் செய்தவன்தான். ஆனால் அங்கே அளவுக் கணக்கு இல்லை. அளவுக் கணக்கோடு நம் ஊர் மோட்டார் ஒன்றைச் செய்ய வேண்டுமென்று நமக்கு நெடுநாளாக ஆசை. அதற்கு வழி ஒன்றும் இருந்தது. சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961-ஆம் வருஷம் முதல் ஹெரால்ட் என்ற காரைத் தயாரித்து வந்தது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரோடு பிறந்த வண்டி அது. அதற்கு உருவம் வகுத்தவர் இத்தாலி தேசத்து மிக்கெலோட்டி. முன்பாகம் முழுவதையும் மட்கார்டுகளோடு சேர்த்து முதலை வாய் திறப்பதுபோல் முன்பக்கம் சாய்த்துவிடலாம். அதன் உடம்பு ஒரே கூடாக இல்லாமல், தனித்தனிப் பாகங்களாக அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டுக்களால் முடுக்கப்பட்டது. யோசித்துப் பார்த்தால் பெரிய ஹெரால்டே பெட்டியில் வந்த மாதிரி போலத்தான்! பின்னாட்களில் இங்கே அதற்கு நான்கு கதவுகள் வைத்தார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு ஹெரால்ட் விற்கப்படவில்லை.

அந்த டிரையம்ஃப் ஹெரால்டை ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1960-களில் 32-இல் ஒரு பங்காகச் செய்து வெளியிட்டது. பிறகும் மறுபதிப்புக்கள் வந்தன. பன்னிரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட நீளம். அதில் ஒரு பெட்டியை நாம் மிகுந்த பாடுபட்டுச் சம்பாதித்து, பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தோம். இரண்டு கதவுக் கோடுகளையும் பட்டியால் அடைத்து, நான்கு கதவுகளாக மறுபடி கீறி, சென்னை ஹெரால்டாக மாற்றவேண்டுமென்பது நம் திட்டம். ஓய்வு பெற்றபின் செய்வதற்கென்று சிலர் காசியாத்திரையை ஒதுக்கி வைப்பதில்லையா? அதுபோல.

இந்த நிலையில்தான் அந்தப் பையன் வந்து சேர்ந்தான்.

நம் வகுப்பில், அதாவது பத்தாம் வகுப்பில், கடைசிக்கு முந்திய வரிசையில் இருப்பவன். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் அவன் வாங்கியது 28. பெயர் வேண்டாம். ஊர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகன் என்பது போதும். ஒருநாள் நோட்டுப் புத்தகங்களைத் திருத்தும்போது, அவனுடைய புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு லாரியின் படத்தைக் கண்டோம். பக்கவாட்டு, முன்புறம், மேற்புறம் என்று மூன்று தோற்றங்கள். சக்கரம் மூன்றிலும் ஒரே அளவாயிருந்தது. விகிதம் என்ற பாடத்தில் பூஜ்யம் வாங்கிய கை அது.

"எப்படி அளந்தாய்?" என்று கேட்டோம்.

"கடைக்குச் சரக்கு இறக்க வருகிற லாரி, ஸார். சாணால் அளந்தேன். ஒரு சாணுக்கு நோட்டில் ஒரு கட்டம்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு வரச் சொன்னோம். வந்தவன் அலமாரிக்கு முன்னால் கால் மணி நேரம் வாய் பேசாமல் நின்றான். பிறகு வாரந்தோறும் வந்தான். ஒரு மாதம் அவனுக்கு வேலை, உடைந்த உறுப்புக்களை உப்புத்தாளில் தேய்ப்பது மட்டுமே. சலிக்கவில்லை. ஐந்தாவது வாரம் நாம் பீரோவைத் திறந்தோம். ஹெரால்ட் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தோம். கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது என்பதை மறைப்பானேன்? "நான்கு கதவு வேண்டாம், முதலில் வந்தது இரண்டு கதவு வண்டிதான். பெட்டியில் உள்ளபடியே செய்" என்றோம்.

மூன்று வாரம் கழித்து அவனுடைய தகப்பனார் வந்தார். பெரிய மனிதர், கோபத்தையும் வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். காபியைக் குடித்தபின் பேசினார்.

"ஸார், நீங்கள் படித்தவர்கள். எனக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போகிறது என்று சொல்ல நான் வரவில்லை. பையன் கணக்கில் தோற்றிருக்கிறான். மார்ச்சில் அரசாங்கப் பரீட்சை. மார்க் அட்டையை என்னிடம் காட்டாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். கடையில் உட்கார வைத்தால் சில்லறை குறைகிறது, கேட்டால் சொல்லமாட்டான். இப்படிப்பட்டவனுக்கு இந்தப் பொம்மை வேலையால் என்ன பிரயோஜனம்? தயவுசெய்து நீங்களே நிறுத்திவிடச் சொல்ல வேண்டும்."

நியாயமான பேச்சு. ஒரு தகப்பனார் வேறெப்படிப் பேசுவார்? நமக்குத் தெரிந்த பதிலைச் சொல்லத் தொடங்கினோம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஃபிஷர் பாடி என்ற பிரிவு 1930 முதல் 1968 வரையில் சிறுவர்களுக்காக ஒரு கைத்தொழில் சங்கம் நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியின் மாதிரியைச் செய்யச் சொன்னார்கள். பிற்பாடு சிறுவர்கள் தாங்களே கற்பனை செய்த மோட்டார்களின் மாதிரிகளைச் செய்தார்கள். முதன்மையாக வந்தவர்களுக்குச் சர்வகலாசாலையில் படிக்க உபகாரச் சம்பளம். அப்படி வந்தவர்களில் சிலர் பிறகு மோட்டார்க் கம்பெனிகளில் வண்டிகளுக்கு உருவம் வகுக்கும் பதவிகளை அடைந்தார்கள். சிறுமிகளைச் சேர்க்காதது அந்தச் சங்கத்தின் குறை. மற்றபடி நல்ல காரியம்.

இதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நம் ஊரில் அந்த மாதிரி உபகாரச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், ஸார்?" என்றார்.

மளிகைக் கடைக்காரர் தராசு பிடிக்கிறவர். நம்முடைய பதில் எடை குறைவு என்று ஒரே வார்த்தையில் காட்டிவிட்டார். உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்பதற்காகத்தான் நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்த்துக்கொண்டிருக்கிறோமா? இல்லை. அப்படியானால், பையனுக்காக மட்டும் அந்தக் காரணத்தைக் கடன் வாங்குவானேன்?

நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பையன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். தகப்பனார் வந்திருப்பது அவனுக்குத் தெரியாது. கையில் ஹெரால்ட். வெளிர் நீல வர்ணம் பூசி முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தகப்பனாரைக் கண்டதும் திகைத்து நின்றான்.

அவர் கையை நீட்டினார். வண்டியை வாங்கி, மஞ்சள் கட்டியைச் சோதிப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. "நன்றாய்த்தானே இருக்கிறது!" என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

"இல்லை, அப்பா. இதோ பாருங்கள்" என்று பையன் பின் மட்கார்டின் அடியைக் காட்டினான். "இங்கே வர்ணம் வழிந்து ஒரு சொட்டு நின்றிருக்கிறது. இந்தப் பக்கத்தில் அச்சு வரம்பும் முழுவதும் போகவில்லை. நீலம் ஏறினபிறகுதான் தெரிந்தது. மறுபடியும் தேய்த்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும்."

நாம் அந்தச் சொட்டைக் கவனித்திருக்கவில்லை. தகப்பனாரும் கவனிக்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"மார்க் அட்டையை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தவன், ஸார் இவன். யாரும் கேட்காமலே இங்கே குற்றத்தைத் தானாகக் காட்டுகிறானே!"

நமக்கு வேண்டிய பதில் அதுதான். அதை அவரே சொல்லிவிட்டார்.

இருபது வருஷமாக நாம் விடைத்தாள் திருத்துகிறோம். சிவப்புப் பேனாவால் நாம் சுழிக்கும் ஒவ்வொரு பிழையையும் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அது அவர்களுடைய பிழையன்று. ஆசிரியர் குறைத்த மார்க்கு. பிழையைக் காண்பது நம் கண். மார்க்கைப் போடுவது நம் கை. தண்டிப்பது வீட்டில் பெற்றோர். பிள்ளைக்கு மிஞ்சிய ஒரே வேலை ஒளிப்பது. பத்து வருஷப் படிப்பில் தன் வேலையைத் தானே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இங்கே சரியில்லை" என்று சொல்ல அவனுக்கு நாம் எத்தனை சந்தர்ப்பம் கொடுத்தோம்? இந்தச் சாண் நீள வண்டியிடம் மார்க்கு இல்லை. அச்சு வரம்பு இருந்தால் இருக்கிறது, போயிருந்தால் போயிருக்கிறது. கெஞ்சினாலும் கோபித்தாலும் அது மாறாது. தேய்த்தால் மட்டும் மாறும். தவறு என்பது அவமானமன்று, பாக்கியிருக்கும் வேலை என்பதை இவ்வளவு அமைதியாகக் கற்பிக்கும் உபாத்தியாயரை நாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை. கண்ணாடியில் பார்க்கும்போது கண்டதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு என்ன நடந்தது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்லிவிடுகிறோம். பையன் ஒரே இரவில் கணித மேதையாகிவிடவில்லை. தகப்பனார் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் அனுமதித்தார். மற்ற நாட்களில் கணக்கு. விகிதப் பாடத்தை நாம் ஹெரால்டைக்கொண்டே நடத்தினோம். "12.1 சென்டிமீட்டரை 32-ஆல் பெருக்கு. அசல் வண்டியின் நீளம் என்ன?" என்றால், தாளைப் பாராமலே நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்கிறான். அல்ஜிப்ராவில் இன்னும் தடுமாறுகிறான். அரையாண்டுப் பரீட்சையில் 41 வாங்கினான். 41 ஒன்றும் பெரிய எண் அன்று. ஆனால் அட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் போகவில்லை. நேரே கல்லாப்பெட்டியின்மேல் போய் உட்கார்ந்தது என்று கேள்வி. மார்ச்சுப் பரீட்சை என்ன ஆகுமோ, அதை மார்ச்சு மாதம் சொல்லும்.

ஹெரால்ட் இன்னும் முடியவில்லை. நீலத்தை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, அவன் மறுபடி பட்டியிலிருந்து தொடங்கியிருக்கிறான். இப்போது வகுப்பிலிருந்து இரண்டு சிறுமிகளும் வருகிறார்கள். ஒருத்திக்கு வர்ணம் கலப்பதில் நம்மைவிடக் கை தேர்ந்துவிட்டது. ஒரு பெட்டி 3,000 ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் எல்லோருக்கும் பெட்டி வாங்க நம் சம்பளம் காணாது. ஆகவே அட்டையிலும் மாத்திரை உறைகளிலும் வண்டி செய்யப் பழகுகிறார்கள். மாத்திரை உறையின் குமிழை வெட்டி வைத்தால் முன்விளக்குக் கண்ணாடி அச்சாக அமைந்துவிடுகிறது. நம் இல்லாள் தலைவலி மாத்திரை உறைகளைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிறாள். தலைவலி எதனால் வருகிறது என்று நாம் விசாரிக்கவில்லை.

நண்பர்கள் இப்போதும் பிரயோஜனத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நாம் வாதாடுவதை விட்டுவிட்டோம். உதவாமற்போன ஒரு மோட்டார் மூடியையும், 600 நம்பர் உப்புத்தாளில் ஒரு துண்டையும் கையில் கொடுத்து, "இந்த வரம்பு போகும்வரை தேய்த்துக்கொண்டிருங்கள், பிறகு பேசலாம்" என்கிறோம். பெரும்பாலோர் ஐந்து நிமிஷத்தில் காபி கேட்கிறார்கள். ஒருவர் மட்டும் அரை மணி நேரம் தலை நிமிரவில்லை. பிறகு நிமிர்ந்து அவரும் ஒரு கேள்வி கேட்டார்:

"1000 நம்பர் தாள் இருக்கிறதா?"